பனிமுகில் துறவியின் மொழிபெயர்ப்பாளர்

"பனி பெய்யுற மலையில பலாமரம் எப்படிப்பா வளரும்?"

எங்கள் கடைசி மகள் ஹ்வீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் இப்படிக் கேட்டாள். கையில் அவள் அப்பாவின் புத்தகம். அதில் கதாநாயகன் எதிரிகளிடமிருந்து தப்பிக்க, உறைபனி மூடிய மலையுச்சியில் ஒரு பலாமரத்தில் ஏறி ஒளிந்துகொள்கிறான். பசி எடுத்தபோது பழத்தைப் பிளந்து சுளை சுளையாகச் சாப்பிடுகிறான்.

என் வீட்டுக்காரர் காப்பிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மூலத்துல அப்படித்தாம்மா இருக்கு. மொழிபெயர்க்கிறவன் என்ன பண்ண முடியும்?"

"அப்ப அந்தச் சீனத் தாத்தாவுக்குப் பனின்னா என்னன்னே தெரியாதா?"

"பெரியவங்கள அப்படியெல்லாம் பேசக் கூடாது. போய்க் கை கழுவிட்டு வா."

சீனத் தாத்தாவைக் குறை சொன்னதும் இவருக்கு முகம் சுருங்கியது நியாயம்தான். அந்தத் தாத்தாவே இவர்தானே.

இவர் பெயர் ஸ்வான் பிங். ஜாவாவில் செமாராங் ஊரில் பிறந்தவர். படித்தது டச்சுக்காரர் பள்ளிக்கூடத்தில். சீன எழுத்தில் தன் பெயரையும், சந்து முனைக் கோவில் பலகையில் பாதியையும் வாசிப்பார். அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் இவர் ஒரு வாள்சண்டைக் கதையை நம் மலாய் மொழியில் எழுதி, கங் பிங்கிர் தெருவில் அச்சகம் வைத்திருந்த தியோ முதலாளியிடம் கொண்டுபோனார். முதலாளி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"செமாராங்காரன் எழுதுற வாள்சண்டைய எவன் வாங்குவான் பிங்? சீனாவுலருந்து வந்த சரக்கு ஏதாவது இருந்தா கொண்டா."

இவர் வீட்டுக்கு வந்து ஒருநாள் முழுக்க அந்தக் கட்டைத் தொடவில்லை. பிறகு முதல் பக்கத்தை மட்டும் கிழித்து வேறு பக்கம் எழுதினார். 'வெண்சிகர மடம். சீன மூலம்: பனிமுகில் துறவி. மொழிபெயர்ப்பு: ஸ்வான் பிங்' என்று போட்டார். உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை. அதே கட்டை அதே முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி மதியச் சாப்பாட்டை மறந்து படித்தாராம்.

"பாத்தியா? எழுத்துன்னா இது எழுத்து! நீயும் இருக்கியே. இந்தத் துறவிகிட்ட கத்துக்கோ."

அன்றிலிருந்து துறவி எங்கள் வீட்டில் குடியேறிவிட்டார். சின்னச் சின்னப் புத்தகங்களாக, பாகம் பாகமாக வெளிவந்த கதை அது. வாடகைக்குப் புத்தகம் விடும் கடைகளில் பிள்ளைகள் அடுத்த பாகத்துக்கு வரிசை கட்டி நின்றார்கள். ஒரு பத்திரிகை, 'மொழிபெயர்ப்பின் முரட்டுத்தனத்தையும் மீறி மூலத்தின் கம்பீரம் ஒளிர்கிறது' என்று எழுதியது. அதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இவருக்குத் தெரியவில்லை. அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

துறவியால் வசதியும் இருந்தது. மடத்தில் கஞ்சி காய்ச்சும் ஒரு கிழவி அந்தக் கதையில் உண்டு. யார் பசித்து வந்தாலும், கள்ளனோ காவலனோ, கேள்வி கேட்காமல் ஒரு கிண்ணம் ஊற்றுவாள். ஊரே அவளை நேசித்தது. பனிச்சரிவு வந்து மடம் புதையும் பாகத்தில் அவளும் செத்துப்போனாள். அந்தப் பாகம் வெளியான வாரம் நான் கங் பாரு சந்தைக்குப் போனேன். மீன் விற்கும் சார்மி கூடையைத் துணியால் மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கு மீன் கிடையாது அக்கா. போங்க."

"என்னடி இது, அதோ வௌவால் மீன் வால் தெரியுது."

"அந்தக் கிழவி உங்க வீட்டுக்காரருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு? கஞ்சி ஊத்தினது ஒரு குத்தமா? என் மவன் ராத்திரி சோறு திங்கல."

"அவர் என்னடி பண்ணுவார்? சீனாக்காரர் கொன்னுட்டார்."

"அந்தச் சீனாக்காரன் நாசமாப் போவான்!" என்று சொல்லிவிட்டுத்தான் சார்மி மீனை நிறுத்தாள்.

வீட்டில் வந்து சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. "அந்தப் பாகத்தோட முடிச்சாகணும்னு தியோ கழுத்தைப் பிடிச்சார். அவளை எங்கே கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல. புதைச்சுட்டேன்" என்றார். பிறகும் பல வருஷம், கஞ்சி வைக்கிற நாட்களில் இவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

காலம் ஓடியது. சீனப் பள்ளிகளை மூடினார்கள். கடைப் பலகைகளிலிருந்து சீன எழுத்துகளைச் சுரண்டி எடுத்தார்கள். எங்கள் பெயர்களையும் மாற்றிக்கொண்டோம். துறவி மட்டும் பெயர் மாற்றாமல் அட்டையில் உட்கார்ந்திருந்தார். கதை நம் மொழியில்தானே இருக்கிறது என்று யாரும் அவரைத் தொடவில்லை. பிறகு ஆட்சி மாறி, தடை நீங்கியது. சிங்க நடனம் தெருவுக்கு வந்தது. திடீரென்று எல்லோருக்கும் சீன இலக்கியத்தின் மேல் பாசம் பொங்கியது.

இதற்குள் இவருக்கு எண்பது நெருங்கிவிட்டது. ஒருமுறை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் ஜெபமாலை உருட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு வேணும்."

"தண்ணியா?"

"இல்ல. சாகுறதுக்குள்ள ஒரு புத்தக அட்டையில 'எழுதியவர்'னு என் பேரைப் பாக்கணும். ஒரே ஒரு அட்டை போதும்."

நான் தலையாட்டினேன். ஆண்டவரிடம் நான் அதற்கு முன் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதைப் போல் சின்னதாக எதையும் கேட்டதில்லை. கொடுக்க இவ்வளவு சங்கடமாக இருந்த வரமும் வேறில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் நானிங் வந்தாள்.

நானிங் ஜாவாக்காரப் பெண். பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஆசிரியை. பெய்ஜிங்கில் இரண்டு வருஷம் மொழி படித்து வந்தவள். 'தென்கிழக்காசிய எழுத்தாளர்கள் மேல் சீனக் கதைகளின் தாக்கம்' என்று முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பட்டம் வந்தால் வேலை நிலைக்கும். வராவிட்டால் வயதான தாயோடு மறுபடி டியூஷன் எடுக்கப் போக வேண்டும். இதை அவள் புலம்பலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. வாசலில் செருப்பைக் கழற்றி நேராக அடுக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். இவரை மரியாதையாக 'பாக்', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுடைய கண்டுபிடிப்புகளைக் கேட்கக் கேட்க எனக்கு வாயைக் கையால் மூடிக்கொள்ளத் தோன்றும்.

"பாக், இருபதாவது பாகத்துல விஷத்துக்கு மாற்று மருந்து ஒண்ணு வருதே. மூங்கில் குருத்து, காஞ்ச இறால், முட்டை, பூண்டு. மாவுத்தாள்ல சுருட்டி எண்ணெயில பொரிச்சு நோயாளிக்குக் குடுக்கணும்."

"ஆமா" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"நம்ம ஊர் லும்பியாவோட செய்முறை அப்படியே இருக்கு! அப்போ லும்பியா நம்ம ஊருக்கு ஒரு சீன நாவல் வழியா வந்திருக்கலாம். இதுக்குத் தனி அத்தியாயமே எழுதியிருக்கேன்."

அந்தப் பாகம் எழுதிய அன்று இவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. கங் லொம்பொக் லும்பியாக் கடையிலிருந்து எண்ணெய் மணம் காற்றில் வந்துகொண்டிருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவள் போன பிறகு நான் சொன்னேன், "என்னங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. பாவம்."

"சொல்லணும்" என்றார். "அவளுக்கும் நல்லது. எனக்கும் நல்லது."

அடுத்த முறை அவள் வந்தபோது சொல்லியும் விட்டார். "நானிங், மூலம்னு ஒண்ணு கிடையாதும்மா. துறவியும் கிடையாது. எல்லாம் நான் எழுதினது."

அந்தப் பெண் கண்ணில் இரக்கம் வந்தது. இவர் கையை மெல்லத் தொட்டாள்.

"பாக், வாழ்நாள் பூராவும் ஒரே ஆசிரியரை மொழிபெயர்த்தவங்களுக்கு வயசான காலத்துல இப்படித் தோணுமாம். அவரோட ஒண்ணாக் கலந்துடறாங்க. அதுல தப்பே இல்ல."

"கலக்கல. நான்தான்."

"நான் இன்னைக்கு உங்களுக்கு ஒரு ஆச்சரியம் கொண்டு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து கனத்த கட்டு ஒன்றை எடுத்தாள். பழைய புத்தகத்தின் நகல். சிங்கப்பூர் நூலகம் ஒன்றில் கிடைத்ததாம். சீன எழுத்து. ஆண்டு போடவில்லை. அட்டையில் 'வெண்சிகர மடம்'. அதற்குக் கீழே 'பனிமுகில் துறவி'.

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"முழுக்க ஒப்பிட்டுப் பாத்துட்டேன்" என்றாள் நானிங். "ரொம்ப விசுவாசமா மொழிபெயர்த்திருக்கீங்க. சில இடம்தான் பிசகு. ஒரு இடத்துல நாயகன் பைன் மரத்துல ஏறி, காஞ்ச பைன் கொட்டையைத் தின்னு பசியாறுறான். நீங்க பலாமரம்னு போட்டிருக்கீங்க." கொஞ்சம் தயங்கினாள். "அதை அடிக்குறிப்புல மென்மையாத்தான் சொல்லியிருக்கேன் பாக்."

அவள் கட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனாள். இல்லாத மூலம் எங்கள் சாப்பாட்டு மேசைமேல், இரண்டு கிலோ கனத்தில் இருந்தது.

"படி" என்றார் இவர்.

நான் சீனப் பள்ளியில் படித்தவள். மறந்தது போக மிச்சம் இருந்தது. மத்தியானங்களில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, நம் மொழியில் சொல்லிக்கொண்டே போவேன். இவர் கண்ணை மூடிக் கேட்பார். முதலில் தன் கதையைத் திருடியவனைப் பிடிக்கப் போகிறவர் போலக் கேட்டார். வரவர முகம் மாறியது. இவர் அவசரத்தில் பாதியில் விட்ட வாக்கியங்களை யாரோ பொறுமையாக முடித்திருந்தார்கள். ஒரு பாகத்தில் கிழக்கே உதித்த ஆறு இன்னொரு பாகத்தில் மேற்கே உதித்ததை, யாருக்கும் தெரியாமல் திருத்தி வைத்திருந்தார்கள். பிள்ளையின் கிழிந்த சட்டையை, அது தூங்கும்போது எடுத்துத் தைத்து, பழைய இடத்திலேயே வைத்தது போல.

"நல்லா எழுதியிருக்கான்" என்றார் ஒருநாள், தன்னை மறந்து. பிறகு, "யாரு இது?" என்றார்.

மடம் புதையும் இடம் வந்தது. நான் கொஞ்சம் வேகமாகப் படித்துத் தாண்டிவிடப் பார்த்தேன். முடியவில்லை. அங்கே இவர் எழுதாத ஒரு அத்தியாயம் இருந்தது.

பனிச்சரிவு ஓய்ந்ததும் துறவிகள் மண்வெட்டியோடு வருகிறார்கள். சமையல்கட்டைத் தோண்டுகிறார்கள். அடுப்பை ஒட்டி, சாம்பலில் மீந்த சூட்டில், கிழவி சுருண்டு கிடக்கிறாள். மூச்சு இருக்கிறது. கண் திறந்ததும் அவள் கேட்பது, "எத்தனை பேர் வந்திருக்கீங்க? கஞ்சி பத்துமா?"

நான் நிமிர்ந்தேன். இவர் அழுதுகொண்டிருந்தார். இவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன் ஒரே முறை, இவருடைய அம்மாவின் அடக்கத்தில்.

அடுத்து நானிங் வந்தபோது இவர் தான் எழுதியதாக வாதாடவில்லை. "அந்தக் கிழவிய உயிரோட எடுத்தது யாரு? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு" என்றார். "நான் அவளைக் கொன்னுட்டேன் நானிங். இத்தனை வருஷமா அது நெஞ்சுல கிடந்தது. யாரோ எனக்காக அவளைத் தோண்டி எடுத்திருக்காங்க. அவங்களுக்கு நன்றி சொல்லணும்."

நானிங் அன்று எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கம் வந்தது. அந்தச் சாக்கில் அவள் புத்தகத்தை வெளியிட்ட கடையைத் தேடிப் போயிருக்கிறாள். கடை இப்போது கைப்பேசி உறை விற்கிறது. முதலாளியின் மகன் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுச் சொன்னாராம். அந்தக் கதை எங்கள் ஜாவாவிலேயே இருக்கும் சுரபாயாவிலிருந்து வந்தது. கியோக் நியோ என்ற டீச்சர் அனுப்பினார். அவருடைய சீனப் பள்ளியை மூடிவிட்டார்கள். வேலை இல்லை. மூலம் எங்கோ தொலைந்துபோயிற்று, மலாய் மொழிபெயர்ப்புதான் மிச்சம் என்று நம்பி, அதிலிருந்து திரும்பச் சீனத்துக்குக் கொண்டு வந்தார். சீன எழுத்துக்குத் தடை இருந்த காலம். தன் பெயரைப் போட்டால் போலீஸ் வரும் என்று போட வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய மாணவர்கள் அஸ்தியை சுரபாயாவிலேயே ஒரு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது நானிங்கின் கன்னம் நனைந்திருந்தது.

"பாக், மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னத நான் வயசுக் கோளாறுன்னு நெனச்சேன்."

"விடும்மா. அம்பது வருஷம் நான் சொன்ன பொய்ய எல்லாரும் நம்பினாங்க. அதுக்கப்புறம் உண்மையையும் நம்பணும்னு எதிர்பார்க்க முடியுமா?"

"அடுத்த மாசம் என் வாய்மொழித் தேர்வு. அங்க சொல்லிடறேன்."

இவர் பதறிவிட்டார். "வேணாம்! பட்டம் போயிடும். நான் பொறுத்துக்குவேன். எனக்கு ஒரு அட்டைதானே போகும்."

"பொய்யில வாங்கின பட்டத்தைச் சுவத்துல மாட்டி, அதுக்குக் கீழ பாய் விரிச்சு எப்படி பாக் தொழுவேன்?"

எனக்கு அன்று தேவாலயம் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. போதனை வீட்டுக்கே வந்துவிட்டது.

தேர்வு நாள். எங்கள் ஊரில் தேர்வு தொடங்குவதற்கு முன்பே பூப்பலகைகள் வாசலில் வரிசையாக நின்றுவிடும். 'முனைவர் ரெத்னானிங்குக்கு வாழ்த்துகள்' என்று, நானிங்கின் முழுப்பெயரோடு, ஆளுயரத்தில் காகிதப் பூவில் எழுதியிருந்தது. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பலகாரப் பெட்டி. அன்றைக்கே நகராட்சி சார்பில் இவருக்குச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் பதக்கம் கொடுப்பதாகவும் ஏற்பாடு. சீனாவிலிருந்து வந்திருந்த பண்பாட்டுக் குழு அன்று ஒருநாள்தான் ஊரில் இருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

நானிங் மேடையில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மூலம் இல்லை. சீனப் புத்தகம்தான் மொழிபெயர்ப்பு. தாக்கம் தான் எழுதிய திசையில் போகவில்லை, எதிர்த் திசையில் வந்திருக்கிறது. தன் ஆய்வின் மூன்று அத்தியாயங்கள் தவறு என்றாள்.

அரங்கில் பலகாரப் பெட்டிகளின் சரசரப்பு நின்றது. வழிகாட்டிப் பேராசிரியர் ஹர்யாந்தோ கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆதாரம்?"

"கடைக்காரரோட மகன் நேர்ல சொன்னார்."

"கைப்பேசி உறை விற்கிறவர்."

"ஆமாங்க."

"ஒருபக்கம் அச்சில் இருக்கிற புத்தகம். இன்னொரு பக்கம் கடைக்காரர் மகனோட ஞாபகம்." பேராசிரியர் பார்வையாளர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். "கடைசி நிமிஷத்துல தன் முடிவையே சந்தேகப்படறது நல்ல ஆய்வாளரோட அடையாளம். இந்தப் பணிவுக்காகவே தனி மதிப்பெண் கொடுக்கலாம்."

இவர் எழுந்துவிட்டார். கைத்தடியை ஊன்றி, "ஐயா, அந்தப் பொண்ணு சொல்றது நிஜம். அந்தக் கதைய எழுதினது நான்தான்!" என்றார்.

கைதட்டல் இடி போல எழுந்தது. "மூலத்தில் தன்னையே கரைத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்!" என்றார் நகராட்சி அதிகாரி ஒலிபெருக்கியில். பக்கத்திலிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் கையை அசைத்து இல்லை இல்லை என்றார். அது வணக்கம் என்று நினைத்து இன்னும் தட்டினார்கள்.

நானிங்குக்கு உயர் சிறப்போடு பட்டம் கொடுத்தார்கள். அவள் மறுத்துப் பார்த்தாள். மறுப்பையும் பணிவில் சேர்த்துக்கொண்டார்கள். தவறான மூன்று அத்தியாயங்களையும் எடுத்துவிட்டு நூலகத்துக்கு மறுபடி எழுதித் தருவேன் என்று அவள் சொன்னதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. அவள் எழுதித் தந்தாள். அதை இன்னும் யாரும் எடுத்துப் படிக்கவில்லை என்றும் கேள்வி.

பதக்கம் போடும்போது ஒன்று நடந்தது. சீனக் குழுவில் தலை நரைத்த ஒருவர் மேடைக்கு வந்து இவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். குவாங்சோவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது மாமா ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் படித்தாராம். அவர் பேசியதை நான்தான் இவருக்குச் சொன்னேன்.

"அந்தப் பாட்டி சாம்பலுக்குள்ளேருந்து கண்ணைத் திறந்து 'கஞ்சி பத்துமா'ன்னு கேக்கிற இடம். வீட்டுல அப்போ சாப்பாடு இல்லாத காலம். அதைப் படிச்சுட்டுத்தான் நானும் என் தம்பியும் தூங்குவோம். அதை உங்க மக்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தீங்களே, நல்லா இருக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். மறுத்துச் சொல்லு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவரைக் கும்பிடறேன்னு சொல்லு" என்றார்.

வீட்டுக்கு ரிக்ஷாவில் திரும்பினோம். பாதி வழியில் இவர் உடம்பு குலுங்கியது. பயந்துபோய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தியோ முதலாளி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? 'பாத்தியா, துறவிகிட்ட கத்துக்கோன்னு அப்பவே சொன்னேன்ல'ம்பார்."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"அட்டைக்கா?" சிரிப்பை நிறுத்தினார். "இருக்கு. ஆனா பாரேன், என் பேராவது ஏதோ ஒரு மூலையில, தப்பாவாவது இருக்கு. அந்த டீச்சரம்மா பேரு எங்கேயுமே இல்ல."

பதக்கத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தோம். நல்ல கனம். 'சீன மொழிக்கும் நம் மொழிக்கும் பாலம் கட்டிய மொழிபெயர்ப்பாளருக்கு' என்று பொறித்திருந்தது. நேரம் போதவில்லை, பெயரைப் பிறகு பொறித்துத் தருகிறோம், ஒருநாள் எடுத்து வாருங்கள் என்று அதிகாரி சொல்லியிருந்தார். வாரங்கள் போயின. இவர் எடுத்துப் போகவில்லை. நான் இரண்டு முறை நினைவூட்டினேன். அதற்கு மேல் எனக்கே புரிந்துவிட்டது.

ஒருநாள் காலைப் பூசை முடிந்து வந்தபோது இவர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பதக்கத்தைக் காணோம்.

"சுரபாயா வரைக்கும் போயிட்டு வரலாமா?"

தாவாங் நிலையத்தில் ரயில் ஏறினோம். வழியெல்லாம் இவர் சட்டைப்பை ஒருபக்கமாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. நான் அவித்த வேர்க்கடலை உரித்துக் கொடுத்தேன். கடல் ஒருபக்கம் வந்து போனது.

நானிங் சொல்லியிருந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. மண்டபம் பழையது. வாசலில் காவலாளி நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியான நேரம். வேறு ஒருவரும் இல்லை.

"நீ இங்கேயே இரு" என்றார்.

நான் ஆலமர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த டீச்சருக்காக ஜெபமாலையை எடுத்தேன். உள்ளே கைத்தடியின் சத்தம் தரையில் மெல்லத் தட்டித் தட்டிப் போய், எங்கோ நின்றது. ஊதுவத்தி வாசனை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இவர் வெளியே வந்தபோது நான் ஜெபமாலையை முடித்திருந்தேன். சட்டைப்பை தட்டையாக இருந்தது.

"பசிக்குதா?" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு, தூங்கும் காவலாளியை எழுப்பிவிடாமல் கைத்தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் முன்னால் நடந்தார்.